திறப்பு யாருடைய கையில்?



இணைய வறுமை என்றதும் கைத்தொலைபேசிக்கு அலை தேடிக் குன்றேறும் மாணவனின் தோற்றமே பலருக்கும் நினைவில் எழுகிறது. 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இலங்கைக் கிராமங்களில் அவ்வாறு நிகழ்ந்தது உண்மையே. ஆயினும் அதே வறுமை பிரித்தானியாவில், விரைவான இணைய இணைப்புள்ள தமிழ் இல்லங்களுக்குள்ளும் ஓசையின்றிக் குடியிருக்கிறது.

பிரித்தானிய உள்துறை அமைச்சு வதிவிட அனுமதி அட்டைகளைக் கைவிட்டு, ஈ-வீசா எனப்படும் இணையவழிப் பதிவுக்கு மாறியது. பெரும்பாலான அட்டைகளில் 2024 டிசம்பர் 31 என்பதே இறுதி நாளாக அச்சிடப்பட்டிருந்தது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றோரின் அட்டைகளிலும் அதே நாள்தான். உரிமை காலாவதியாகவில்லை, அதை எடுத்துக்காட்டும் அட்டையே காலாவதியாயிற்று. வேலைக்குச் சேரவோ இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு எடுக்கவோ, ஈ-வீசா உடையவர் தம் கணக்கினுள் நுழைந்து பகிர்வுக் குறியீடு பெற்றுக் கொடுத்தல் வேண்டும். அக்குறியீடு 90 நாட்களே செல்லுபடியாகும். பிரித்தானியக் குடியுரிமை பெற்றோருக்கு இத்தொல்லை இல்லை. அவர்களுடைய பெற்றோருக்கு இருக்கலாம்.

இக்கணக்கைத் திறந்து கொடுப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். பத்து நிமிட வேலை என்று எண்ணி, தன் மின்னஞ்சலையும் தன் தொலைபேசி எண்ணையுமே பதிந்துவிடுகிறான். கணக்கினுள் நுழையும்போது பாதுகாப்பு இலக்கம் அந்த மின்னஞ்சலுக்கோ எண்ணுக்கோதான் செல்லும். அவன் வேறொரு நகரில் இரவுப் பணியில் இருக்கையில், தாயாரின் வதிவிட உரிமை அவனது சட்டைப்பையில் உறங்குகிறது. பாசமுள்ள பிள்ளையாயின் அது சிறு இடையூறே. கணவனின் எண்ணைப் பதிந்த ஒரு பெண் அவனை விட்டுப் பிரிய நேர்ந்தால், வேலை கேட்டுச் செல்லும் நாளிலேயே அவளது நிலை வெளிப்படும்.

கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் புதிய இலக்கத்தைக் கணக்கில் சேர்க்கவும் வேண்டும். சேர்க்காவிடின் கட்டுநாயக்கவில் விமானம் ஏறுமிடத்தில் சிக்கல் எழலாம். பழைய கடவுச்சீட்டில் முத்திரையாக மட்டுமே அனுமதி உடைய முதியோரின் உரிமையும் அழிந்துவிடவில்லை. எனினும் ஈ-வீசா பெற அவர்கள் முதலில் தனி விண்ணப்பம் செய்தல் வேண்டும்.

பணமின்மையே தடையாயின், பென்சன் கிரெடிட், யுனிவர்சல் கிரெடிட் பெறுவோருக்குப் பல இணைய நிறுவனங்கள் குறைந்த கட்டணத் திட்டங்களை வைத்துள்ளன. கேட்டாலன்றி அவை பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதே குறை.

ஆகவே இளையோர் தம் தாய் தந்தையருக்கென்று தனி மின்னஞ்சல் உருவாக்கி, அவரவர் எண்ணையே பதிதல் வேண்டும். ஏற்கெனவே பதிந்த விபரங்களையும் கணக்கினுள் சென்று மாற்றலாம். முதல் முறை மகள் தட்டச்சிடட்டும். இரண்டாம் முறை தாயார் தட்டச்சிட, மகள் அருகிருந்து பார்க்கட்டும். மூன்றாம் முறை மகள் அடுத்த அறையில் இருப்பதே நன்று.