பொருந்தினால் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அமெரிக்காவில் என்ன சாதித்தாய் என்று பேசச் சொல்லிச் செயலாளர் எழுதியிருந்தார். சாதித்தவர்கள் நாலு பேர் எனக்கு முன்பே பேசிவிட்டார்கள். ஆகவே நான் பறவை வேட்டையைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஏன்டா, ஹாஸ்டல்ல கரப்பான்பூச்சியப் பார்த்துக் கட்டில் மேல ஏறினவன்தானே நீ?" என்று நேற்று ராத்திரி என் அறைத்தோழன் கேட்டான். அவனேதான். பயப்பட வேண்டாம், துப்பாக்கியைக் கொண்டு வரவில்லை.

மாணவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். கௌதாரியோ காட்டுக்கோழியோ, இங்கே சுடுவதும் கண்ணி வைப்பதும் குற்றம். நான் சொல்லப் போவது தெற்கு டகோட்டா மாநிலத்துக் கதை. ஆசை வந்தால் பண்ணைக் காடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தெற்கு டகோட்டா என்றால் கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளமும் புல்வெளியும்தான். அங்கே ஃபெசன்ட் என்று ஒரு பறவை. சேவலுக்குப் பச்சைத் தலை, சிவப்பு முகம், கழுத்தில் வெள்ளை வளையம், நீண்ட வால். மாநிலப் பறவையாகவே 1943-இல் அறிவித்துவிட்டார்கள். ஆனால் அது அந்த ஊர்ப் பறவை அல்ல! ஷாங்காயில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த ஓவன் டென்னி 1881-இல் ஓரிகன் மாநிலத்துக்கு அனுப்பிய முதல் கப்பலில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப் போயின. அடுத்த ஆண்டு அனுப்பியவை பிழைத்துப் பெருகின. தெற்கு டகோட்டாவில் முதல் வேட்டை 1919-இல், ஒரே ஒரு மாவட்டத்தில், ஒரே ஒரு நாள். என்னைப் போலவே ஆசியாவிலிருந்து போய் அங்கே பிழைத்த ஜீவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றும் கட்டுப்பாடு உண்டு. அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமைதான் பருவம் தொடங்கும். காலை 10 மணிக்கு முன் சுடக் கூடாது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று. அதுவும் சேவல் மட்டும். ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும் என்பதால் சேவல் சில குறைந்தாலும் அடுத்த ஆண்டுக் குஞ்சுகள் குறையாது. பெட்டை குறைந்தால் குறையும். கணக்கு அவ்வளவுதான்.

அங்கே வேலைக்குப் போன இரண்டாம் ஆண்டு, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். விவசாயி. எழுபது வயது. தோள் வலியால் சுட முடியாது என்று தன் அப்பாவின் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். 1920-களில் செய்த இரட்டைக்குழல், 16 கேஜ். கேஜ் என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தைப் பதினாறு சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் குழலின் உள்விட்டம். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். எடை குறைவு, கைக்கு அடக்கம். நாள் முழுக்கப் புல்லில் நடக்கிறவனுக்கு அதைவிடச் சுகமான சாமான் கிடையாது.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியர் அல்லவா? ஆளும் அவசரக்காரன். கடைக்குப் போய் 16 கேஜ் தோட்டா ஒரு பெட்டி வாங்கி வந்து, வயலோரத்தில் நின்று ஒன்றைப் போட்டேன். வழவழவென்று உள்ளே போனது. மூடப் போனேன்.

"நிறுத்து!" என்று கத்தினார் பெரியவர். பெட்டியை வாங்கிப் பார்த்தார். "இது இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா. அந்தக் காலத் துப்பாக்கிக்கு அறை நீளம் குறைச்சல்ப்பா. அளந்து பார்த்தியா?"

"உள்ள போயிடுச்சே!" என்றேன்.

சொன்ன மறுநொடி எனக்கு நம் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி ஞாபகம் வந்துவிட்டார். கோ, நோ-கோ கேஜை நம் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டு, "பொருந்துறது வேற, சரியா இருக்கறது வேறடா" என்பாரே, அவர்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காக என் ஜாபை இரண்டு தடவை ஸ்கிராப்பில் போட்டவர். கடல் கடந்து போயும் நான் அதே தப்பைச் செய்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் சுட்ட பிறகு உள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடித்து மூடியிருக்கும், அதனால் குட்டையாக இருக்கும். என் துப்பாக்கியின் தோட்டா அறை 2 9/16 அங்குலம். புதுத் தோட்டா 2 3/4 அங்குலம். வித்தியாசம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். சுட்டவுடன் அந்த மடிப்பு விரிந்து, குழல் குறுகும் இடத்தில் போய் அடைக்கும். ரவை வெளியேறும் வழி சுருங்கும், அழுத்தம் ஏறும். ஒரே தடவையில் வெடித்துவிடும் என்று இல்லை. பல தடவை ஒன்றுமே ஆகாது. அதுதான் மோசம், ஒன்றும் ஆகாததால் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். அந்த வருஷம் நான் வெறுங்கையோடு நாய்க்குப் பின்னால் நடந்தேன். அடுத்த வருஷம் துப்பாக்கி சரிசெய்பவரிடம் காட்டி, அறையின் நீளத்தையும் குழல் சுவரின் தடிமனையும் அளக்கச் சொல்லி, அதற்கேற்ற குட்டைத் தோட்டா வாங்கிய பிறகுதான் சுட்டேன். எஃகு ரவையும் கூடாது. ஈயத்தைவிடக் கடினம், பழைய குழல் தாங்காது. ஈயம் தடை செய்த இடங்களில் பிஸ்மத் ரவை போடுவேன்.

இரண்டாவது பாடம் நாலைந்து வருஷம் கழித்து. அன்றைக்கு இரண்டு சேவல் கிடைத்திருந்தது. மூன்றாவது எழும்பியது. அவசரப்பட்டுச் சுட்டேன். இறக்கையில் மட்டும் பட்டுக் கீழே விழுந்து ஓடிவிட்டது. ஃபெசன்ட் நன்றாக ஓடும். நாயும் நானும் ஒரு மணி நேரம் தேடியும் அகப்படவில்லை. "சரி, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது" என்று கிளம்பினேன். பெரியவர் நகரவில்லை. "உன் கணக்கு முடிஞ்சுது. அது எங்கேயோ கிடந்து சாகப் போகுது. அதையும் எண்ணு" என்றார். பையில் இரண்டுதான் இருந்தன. எந்த அதிகாரி சோதித்தாலும் நான் குற்றமற்றவன். ஆனாலும் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டேன். அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"பாவம்டா" என்று அம்மா போனில் சொல்வார்கள். பாவமில்லை என்று நான் வாதாடியதே இல்லை. சுட்டதை வீணாக்காமல் சமைக்கிறேன், அவ்வளவுதான் என் பதில்.

சமையலைச் சொல்லாமல் விட்டால் என் வீட்டம்மா கோபிப்பார். ஃபெசன்டில் கொழுப்பே கிடையாது. பிராய்லர் கோழி மாதிரி வதக்கினால் நார்நாராகிவிடும். முதலில் ரவை பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ரவை தன்னோடு இறகையும் உள்ளே இழுத்துப் போயிருக்கும். இரண்டையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் போகும். பிறகு உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். நெஞ்சுக்கறியைத் தனியாக எடுத்து மிளகு, சீரகம் தடவி, நல்லெண்ணெயில் சட்டென்று வறுத்து இறக்கிவிடுவோம். காலில் விறைத்த நரம்புகள் இருக்கும். அதைச் சின்ன வெங்காயம், பூண்டு, வறுத்து அரைத்த மல்லியோடு குழம்பாக்கி, சின்னத் தீயில் இரண்டு மணி நேரம் விட்டால் கறி எலும்பை விட்டு வந்துவிடும். பெரியவர் வீட்டில் காளான் சூப் ஊற்றி அடுப்பில் வேக வைப்பார்கள். எங்கள் குழம்பை முதல் நாள் சாப்பிட்டவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று தட்டை நீட்டினார்.

அவர் இப்போது இல்லை. துப்பாக்கியை எனக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். அதன் பெட்டியில் அறை நீளம் அளக்கும் கேஜ் ஒன்றும் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது இளம்பிள்ளைகள் என்னோடு வேட்டைக்கு வந்தால், முதலில் துப்பாக்கியை நீட்டுவதில்லை. கேஜைத்தான் கையில் கொடுக்கிறேன்.

இன்று காலை ஒர்க்‌ஷாப் பக்கம் போனேன். மேஸ்திரி நின்ற இடத்தில் கம்ப்யூட்டர் இயந்திரம் நிற்கிறது. நல்லதுதான். மாணவச் செல்வங்களே, இயந்திரம் எதுவானாலும், "உள்ள போயிடுச்சே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அளந்து பாருங்கள்.