"என்னைத் தெரியுதோ?"
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாம் சந்திக்கும்போதெல்லாம் எழும் கேள்வி இது. பதில் வரத் தாமதித்தால், "அவவுக்கு இப்ப பெருமை" என்று சொல்லிவிடுகிறோம். வைத்தியர்களாகிய நாங்கள் அப்படிக் கருதுவதில்லை.

பெயர் என்பது வெறும் ஒலி. ஒருத்தி எந்த வாங்கில் இருந்தாள், எந்த இல்லத்துக்கு ஓடினாள் என்பது நினைவிருக்கும்; பெயர் மட்டும் நாவில் வராது. வயது ஏற ஏற இது எல்லோருக்கும் நேர்வது.

முகமே தெரியாமற் போவது வேறு. முகங்களை இனங்காண உதவும் மூளைப்பகுதி சிலருக்குப் பிறப்பிலிருந்தே சரிவர இயங்குவதில்லை. 1947இல் ஜேர்மனிய வைத்தியர் யோவாகிம் போடமர் இக்குறைக்கு 'புரோசோபக்னோசியா' எனப் பெயரிட்டார். புகழ்பெற்ற நரம்பியல் வைத்தியர் ஒலிவர் சாக்ஸுக்கும் இது இருந்தது. இவர்களுக்குக் கண்ணிலோ அறிவிலோ அன்பிலோ குறைவில்லை. குரல், நடை, தலைமுடி ஆகியவற்றைக் கொண்டே ஆட்களை அறிகிறார்கள்.

ஆனால், நேற்றுவரை தெரிந்த முகங்கள் திடீரெனத் தெரியாமற் போனால் அது பாரிசவாதமாகவும் இருக்கலாம். தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பழிச்சொல்லுக்கு அஞ்சியே ஒன்றுகூடல்களுக்கு வராதிருக்கும் சகோதரிகள் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களை நாம் இழக்கலாகாது. எவரையும் சோதித்துப் பார்க்காமல், நம் பெயரையும் படித்த ஆண்டையும் நாமே முதலில் சொல்வோம். கழுத்தில் மாட்டும் பெயர் அட்டையைப் பெரிய எழுத்தில் எழுதுவோம்.