வருகைப்பதிவேட்டின் வரிசையில்

(ஆரோவில்லில் நடந்த ஆசிரியர் கலந்துரையாடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பில் ஒருநாள் ஹார்வர்டு தமிழ் இருக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2017-இல் தமிழ்நாடு அரசு அதற்கு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் கொடுத்ததும் சேர்ந்து, 2018 மார்ச்சில் 60 லட்சம் டாலர் என்ற இலக்கு எட்டப்பட்டது. பெருமையாகத்தான் சொன்னேன். மரக்காணம் உப்பளத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "அவங்க பணக்காரங்கதானே டீச்சர், அவங்களுக்கு எதுக்கு நாம கொடுக்கணும்?" என்றாள்.

தமிழ் இருக்கை வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனாலும் அவளுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு மறுநாள் சொன்னேன். அந்தப் பணத்தை அள்ளிச் செலவழித்துவிட முடியாது. முதலை வைத்துவிட்டு, அதன் வருமானத்தில் பேராசிரியருக்குச் சம்பளம் கொடுப்பார்கள். கோயிலுக்கு எழுதி வைத்த நிலம் மாதிரி. ஹார்வர்டின் சொத்து என்று சொல்வதில் (2020-இல் அது சுமார் 4,000 கோடி டாலர்) பெரும்பகுதி இப்படி இன்ன காரியத்துக்கு என்று கட்டுப்பட்ட பணம். நம் 10 கோடியும் அதற்குள்தான் இருக்கிறது.

படிக்கும்போது இன்னொரு செய்தியும் கிடைத்தது. 2020 மார்ச்சில், கொரோனா காலத்தில், அமெரிக்க அரசு உயர்கல்விக்கு மட்டும் சுமார் 1,400 கோடி டாலர் அவசர நிவாரணம் ஒதுக்கியது. ஹார்வர்டின் பங்கு சுமார் 86 லட்சம் டாலர். இவ்வளவு பெரிய பணக்காரருக்கு நிவாரணமா என்று ஊரே கேட்டது. அதிபர் டிரம்ப் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். முழுத்தொகையையும் வசதியில்லாத மாணவர்களுக்கே கொடுப்பதாக ஹார்வர்டு முதலில் சொல்லிப் பார்த்தது. மறுநாளே, ஏப்ரல் 22 அன்று, வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டும் பிரின்ஸ்டனும் அப்படியே ஒதுங்கின.

இதில் ஹார்வர்டு ஏமாற்றியது என்று நினைத்துவிடாதீர்கள். அரசு ஒரு சூத்திரம் வைத்திருந்தது. ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகை பெறுவோர் எத்தனை பேர், மற்றவர்கள் எத்தனை பேர் என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். நிறுவனத்தின் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அந்தச் சூத்திரம் பார்க்கவே இல்லை. பேரிடர் நேரத்தில் வேகம் வேண்டும், எண்ணுவதுதான் வேகம். அதையும் குறை சொல்ல முடியாது. விட்டுக்கொடுக்கும்போது, அந்தப் பணத்தை மாசசூசெட்ஸில் தவிக்கும் மற்றக் கல்வி நிறுவனங்களுக்கு விரைவாகத் திருப்பிவிடுங்கள் என்று ஹார்வர்டு கேட்டுக்கொண்டது. எனக்கு உறைத்தது அந்த இடம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. நம் மாவட்டத்தில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் கொடுத்தார்கள். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் என்று தனியாக ஒரு திட்டம் இருக்கிறது. முன்னது அட்டையை எண்ணுகிறது. பின்னது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்தியில் தண்ணீர் நிற்கும், வேலை இருக்காது என்பதைத் தெரிந்து வைத்திருக்கிறது.

பள்ளி திறந்ததும் யாரோ நல்லவர்கள் என் வகுப்புக்கு 36 பைகள் கொடுத்தார்கள். நோட்டு, பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் உள்ளே. வருகைப்பதிவேட்டைப் பிரித்து வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தேன். கடைக்காரர் மகன் ஒருவன் என் மேசைக்கு வந்து, "எங்க வீட்டுல தண்ணியே வரல டீச்சர், இது வேணாம்" என்றான். "ஆளுக்கு ஒண்ணுடா, கையெழுத்துப் போட்டாச்சு, வெச்சுக்கோ" என்று அனுப்பிவிட்டேன். அதற்குச் சற்று முன்னால்தான் இன்னொரு பெண் வந்து, தம்பிக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். தொடக்கப்பள்ளியில் படிக்கிறான், புத்தகப்பை ஊறிப்போய்விட்டது என்றாள். அவளுக்கும் "ஆளுக்கு ஒண்ணு"தான் பதில். கணக்குச் சரியாக இருந்தது. 36 பை, 36 கையெழுத்து.

அடுத்த ஆண்டு ஹார்வர்டைப் பற்றிக் கேட்டவள் அந்தப் பெண்தான்.

அந்தப் பையன் நீட்டியதை வாங்கி அவளிடம் கொடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. வாங்கினால் எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் அப்போது யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. எந்த வீட்டில் தண்ணீர் புகுந்தது, யாருக்கு எத்தனை தம்பி தங்கை என்பதெல்லாம் எந்த அலுவலகத்தையும்விட நமக்குத்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு பதிவேட்டு வரிசையில் கொடுத்திருக்கிறேன்.

இப்போது என் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் எழுதி வைக்கிறேன்: தாழ்வான தெரு, ஓலை வீடு, உப்பளம், படகு, தொடக்கப்பள்ளியில் தம்பி. வகுப்பில் அதை வாசிப்பதில்லை. "கஷ்டப்படுறவங்க எழுந்திருங்க" என்று ஒரு குழந்தையையும் நிற்க வைக்கக் கூடாது; அதற்கு ஆளுக்கு ஒன்றே மேல். பொருள் வந்தால், சாயங்காலம் பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கையில் கொடுத்துவிடலாம். வேண்டாம் என்று யாராவது திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ள, அந்தப் பக்கத்திலேயே ஒரு கட்டமும் போட்டு வைத்திருக்கிறேன்.

வரும் அக்டோபருக்குள் உங்கள் வகுப்புக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதிவிடுங்கள்.