இரண்டகர் யார்?

(கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவு)

 

ஒரு நாடு இரண்டுபட்டுப் போரிடுங்கால், வரலாற்று நூல்கள் இரண்டு கொடிகளைத்தாம் நமக்குக் காட்டுகின்றன. அக்கொடிகளின் கீழ் வாழ்ந்தவர் அனைவரும் ஒரே உள்ளத்தினர் என்று நாமும் எண்ணிவிடுகின்றோம். அஃது உண்மையன்று. தலைநகரில் எடுக்கப்பெற்ற முடிவுக்கு மலைச்சரிவில் ஏர் பிடித்தவன் தலையாட்ட மறுத்ததுண்டு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவ்வாறு மறுத்த சிற்றூர் மக்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

போரின் கரணியம் நீங்கள் அறிந்ததே. 1860-இல் ஆபிரகாம் இலிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அடிமை முறைக்கு அழிவு வரும் என்றஞ்சிய தென்மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்தன. பதினொரு மாநிலங்கள் சேர்ந்து தனிக் கூட்டரசு கண்டன. உரிமைக்காகவே பிரிவதாக அவற்றின் தலைவர்கள் முழங்கினர். யாருடைய உரிமை? அம்மாநிலங்களில் ஏறத்தாழ 35 இலக்கம் கருப்பின மக்கள் அடிமைகளாகக் கிடந்தனரே, அவர்களுடைய உரிமையா?

தெற்கு முழுவதும் பருத்திச் சமவெளியன்று. அப்பலாச்சிய மலைச்சரிவுகளில், கல்லும் கரம்புமான நிலத்தைத் தம் கையாலேயே உழுது, சோளம் விதைத்து, பன்றி வளர்த்து வாழ்ந்த சிறு உழவர் இருந்தனர். அவர்களுள் மிகப் பலர் அடிமைகளை உடையரல்லர். செல்வர்தம் உடைமைக்காகத் தாம் ஏன் சாக வேண்டும் என்று அவர்கள் கேட்டனர்.

அலபாமா மாநிலத்தின் வின்சுடன் வட்டத்தைப் பாருங்கள். 1861 சனவரியில் கூடிய பிரிவினை அவைக்கு அவ்வட்டத்தார் அனுப்பியவர் கிறித்தோபர் சீட்சு என்னும் இளம் பள்ளி ஆசிரியர். பிரிவினை ஆவணத்தில் கையொப்பமிட அவர் மறுத்தார்; பின்னர்ச் சிறையும் புகுந்தார். ஊர் மக்கள் ஒரு விடுதியில் கூடி, ஒன்றியத்தினின்று மாநிலம் பிரியலாமென்றால், மாநிலத்தினின்று வட்டமும் பிரியலாமன்றோ என்றனர். இவ்வினாவுக்கு விடை சொல்ல ஆளவந்தாரால் இயலவில்லை. படையைத்தான் அனுப்ப இயன்றது.

தென்னசி மாநிலத்தில் 1861 சூனில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. மாநிலம் பிரிவினையை ஏற்றது. ஆனால் அதன் கிழக்குப் பகுதி, மூன்றில் இருபங்கு அளவில், மறுத்தது. அங்குள்ள இசுகாட்டு வட்டம் தென்னசியினின்றே பிரிவதாக அறிவித்துக்கொண்டது. அவ்வறிவிப்பு 1986-இல்தான் திரும்பப் பெறப்பட்டது! 1861 நவம்பரில் கிழக்குத் தென்னசியின் ஒன்றியப் பற்றாளர் தொடர்வண்டிப் பாலங்களை எரித்தனர். அதற்காக ஐவர் தூக்கிலேற்றப்பட்டனர்.

1862 ஏப்பிரலில் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்தோபரில் இருபது அடிமைகளை உடைய பண்ணைக்கு ஒரு வெள்ளையர் வீதம் விலக்களிக்கப் பெற்றது. செல்வன் வீட்டிலிருக்க, ஏழை களத்தில் சாக வேண்டும்! அடுத்த ஆண்டில் விளைச்சலிற் பத்திலொரு பங்கும் வரியாகப் பறிக்கப்பட்டது. கணவன் போர்க்களத்தில், மனைவி வெற்றுக் குதிருக்கு முன்னால்.

இக்கொடுமையே மிசிசிப்பி மாநிலத்துச் சோன்சு வட்டத்தில் நெருப்பாய் மூண்டது. படையை விட்டு நீங்கிய உழவர்கள், நியூட்டன் நைட்டு என்பாரைத் தலைவராகக் கொண்டு, 1863 அக்தோபரில் இலீஃப் ஆற்றுச் சதுப்புக் காட்டில் அணி திரண்டனர். பெண்களும் அடிமைகளும் அவர்களுக்கு உணவும் உளவும் தந்தனர். 1864 இளவேனிலில் கூட்டரசுப் படை வேட்டை நாய்களோடு வந்து பலரைத் தூக்கிலிட்டது.

தோழர்களே! இம்மக்கள் அனைவரும் அடிமை ஒழிப்பு மறவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தம்மைத் தம் போக்கில் விட்டால் போதும் என்றிருந்தவர் பலர். ஒன்றியச் சார்பான கூட்டங்களும் அண்டை அயலாரைக் கொள்ளையிட்டதுண்டு. வட கரோலினாவில் உப்புப் பஞ்சத்தால் வாடிய மலைவாணர் 1863 சனவரியில் மார்சல் என்னும் ஊரைச் சூறையாடினர். அதற்குப் பழியாகச் செல்ட்டன் இலாரல் பள்ளத்தாக்கில் முதியரும் சிறுவருமாகப் பதின்மூவரைக் கூட்டரசுப் படை சுட்டுக்கொன்றது. ஊருக்குள் நுழைந்த போருக்குக் களம் என்று தனியே ஓரிடமில்லை; வீட்டு வாயிலே களம்.

ஆயினும் கேட்கின்றேன்: இவர்களை இரண்டகர் என்றது யார்? தமக்குப் பிரியும் உரிமை உண்டென்று முழங்கிவிட்டு, அதே உரிமையைத் தம் மலையூர்களுக்கு மறுத்தவர்கள் அல்லரோ? விடுதலை என்னும் சொல்லை வாயிலும் அடிமைச் சங்கிலியைக் கையிலும் வைத்திருந்தவர்கள் அல்லரோ?

விடுதலை பேசுவோர் எவரும் நெஞ்சில் பொறித்துக்கொள்ள வேண்டியது இது: கடைசி உழவனுக்கும் கட்டுண்டு கிடப்பவனுக்கும் உரியதாகாத விடுதலை, விடுதலையன்று, அது தலைவர்கள் கைமாற்றிக்கொள்ளும் ஆட்சி. மறுக்கின்றவனைத் தூக்கிலேற்றுமுன், அவன் எதை மறுக்கின்றான் என்று கேளுங்கள். கேட்க அஞ்சும் அரசு, தன் ஞாயத்தின்மேல் தானே நம்பிக்கையற்ற அரசு!