மெழுகுச் சட்டை போட்ட கிருமி



காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டது. இருமல் குறைந்துவிட்டது. நன்றாகப் பசிக்கிறது. வேலைக்குப் போகத் தெம்பும் வந்துவிட்டது. ஆனால் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். ‘நோய்தான் போய்விட்டதே! இன்னும் எதற்கு மாத்திரை?’ என்று அவர் கேட்கிறார்.

அவர் கேட்பது நியாயமான கேள்வி. சீழ்ப் புண்ணுக்கு ஒரு வாரம் மருந்து சாப்பிட்டால் போதும். இதற்கு மட்டும் ஏன் ஆறு மாதம்? இப்படிக் கேட்பவருக்குப் பல இடங்களில் அதட்டல்தான் கிடைக்கிறது. அது சரியல்ல. கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதில் கிருமியின் மேல்தோலில் இருக்கிறது.

காசநோய்க் கிருமி ஒரு பாக்டீரியா. சிறு குச்சி போல இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதன் உடலைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரில் பாதிக்கு மேல் கொழுப்புதான். அந்தக் கொழுப்பு மெழுகைப் போன்றது. மைக்காலிக் அமிலம் என்பது அதில் முக்கியமான பொருள். பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். பால் கையில் ஒட்டுவதில்லை. அதைப் போலத்தான் இதுவும். மருந்தோ வேறு பொருளோ எளிதில் உள்ளே புக முடியாது.

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர் ராபர்ட் காக். 1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் அதை அறிவித்தார். அதுவரை பலரும் தேடியும் ஏன் கிடைக்கவில்லை? மற்றக் கிருமிகளுக்குப் போடும் சாயம் இதன்மேல் ஏறவில்லை. மெழுகு தடுத்தது. சாயம் ஏறாததால் கிருமி கண்ணில் படவில்லை. காக் வேறு விதமாகச் சாயம் போட்டுப் பார்த்தார். கிருமி அகப்பட்டது. அதை வளர்த்துப் பார்க்கவும் அவருக்குப் பொறுமை வேண்டியிருந்தது. சாதாரணக் குடல் கிருமி ஒன்று இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். சோதனைச்சாலையில் அதன் கூட்டம் கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பிறகு வந்தவர்கள் அந்த மெழுகையே சாட்சியாக்கிவிட்டார்கள். சளிப் பரிசோதனை நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஆய்வுக்கூடப் பணியாளர் சளியை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி உலர்த்துகிறார். அதன்மேல் சிவப்புச் சாயம் ஊற்றுகிறார். அடியில் சுடரைக் காட்டி, ஆவி பறக்கும் வரை சூடாக்குகிறார். சூட்டில் மெழுகு இளகும். சாயம் உள்ளே போகும். ஆறியதும் மெழுகு இறுகிவிடும். சாயம் உள்ளே மாட்டிக்கொள்ளும். இப்போது திராவகம் கலந்த நீரால் கழுவுகிறார். மற்றக் கிருமிகள் எல்லாம் சாயம் போன துணி போல வெளுத்துவிடும். காசநோய்க் கிருமி மட்டும் சாயத்தை விடாது. கடைசியில் நீலச் சாயம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நீல நிறத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் தெரியும். தொழுநோய்க் கிருமியும் இதே குடும்பம்தான். அதற்கும் மெழுகுச் சட்டை உண்டு.

இந்தச் சோதனைக்கு ஒரு குறையும் இருக்கிறது. ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமிகள் இருந்தால்தான் கண்ணில் படும். குறைவாக இருந்தால் தப்பிவிடும். வாயில் ஊறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தாலும் பயன் இல்லை. மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். இப்போது கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை வந்துவிட்டது. குறைவான கிருமிகளையும் அது காட்டும். ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்து கேட்குமா, கேட்காதா என்பதையும் சொல்லிவிடும்.

உடலுக்குள் இந்தச் சட்டை என்ன செய்கிறது? நம் இரத்தத்தில் காவல் அணுக்கள் உண்டு. அவை கிருமியை விழுங்கிச் செரித்துவிடும். காசநோய்க் கிருமியையும் விழுங்கும். ஆனால் செரிக்க முடியாமல் திணறும். கிருமி அந்தக் காவல்காரனின் வயிற்றிலேயே குடியிருக்கும். சில கிருமிகள் அங்கே பெருகும். சில கிருமிகள் பெருகாமல் உறங்கிக் கிடக்கும். இந்த உறங்கும் கிருமிகளால்தான் வருகிறது ஆறு மாதம்.

ஐசோநியாசிட் என்று ஒரு மாத்திரை உண்டு. அதன் கதை விசித்திரமானது. 1912-இல் பிராக் நகரில் இரண்டு வேதியியலாளர்கள் அதைச் செய்தார்கள். அது எதற்கு ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நாற்பது ஆண்டு சும்மா கிடந்தது. அந்த நாற்பது ஆண்டில் எத்தனை உயிர்கள் போயினவோ! 1952-இல்தான் அது காசநோய்க்கு மருந்து என்று தெரிந்தது. எப்படி வேலை செய்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. கிருமி புதிதாக மெழுகு செய்வதை அது தடுக்கிறது. பெருகும் கிருமிக்குப் புதுச் சட்டை வேண்டும். சட்டை இல்லாமல் அது செத்துப்போகிறது.

உறங்கும் கிருமியோ புதுச் சட்டை கேட்பதில்லை. அதனால் ஐசோநியாசிட் அதை அதிகம் தொடுவதில்லை. அதற்கு ரிஃபாம்பிசின், பைரசினமைட் போன்ற மருந்துகள் வேண்டும். அவையும் மெல்ல மெல்லத்தான் கொல்லும். அதனால்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. காய்ச்சலும் இருமலும் குறைந்தது பெருகும் கிருமிகள் செத்ததால். உறங்கும் கிருமிகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. பாதியில் விட்டால் அவை எழுந்துகொள்ளும். மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகிவிடும். அப்படி வந்த நோய்க்கு வேறு மருந்துகள் வேண்டும். முன்பெல்லாம் ஒன்றரை ஆண்டுக்கு மேலும் வைத்தியம் நடந்தது. ஊசியும் உண்டு. காது கேட்காமல் போனவர்களும் உண்டு.

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் நோய் தீரும் என்று அன்று உலகமே நம்பியது. அங்கே 193 ஏழை நோயாளிகளுக்கு ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில் இருந்தார்கள். பாதிப் பேர் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் இது வெளிவந்தபோது பல நாடுகள் தங்கள் வைத்திய முறையை மாற்றிக்கொண்டன. அந்த மையத்தார் இன்னொன்றையும் கண்டார்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரையும் சோதித்தார்கள். உடம்பு தேறியதும் மாத்திரையை விடுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு என்று தெரிந்தது.

சிலர் விடுவதற்கு வேறு காரணம் உண்டு. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். இரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது மருந்தின் நிறம்தான். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடும் திட்டமும் இருக்கிறது. 2018-இல் தொடங்கியபோது அது 500 ரூபாய். 2024 நவம்பரில் 1,000 ஆக்கினார்கள். வங்கிக் கணக்கு எண்ணைச் சுகாதாரப் பணியாளரிடம் பதிவு செய்ய வேண்டும்.