நின்று நின்று போன மெஷின்

எங்க குழு கடன் போட்டு வாங்கின புல் வெட்டுற மெஷினைப் பற்றிப் பேச வந்தேன். அதை வாடகைக்கு விட்டுத்தான் தவணை கட்டுகிறோம்.

போன மழைக்காலத்தில் அது ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிஷம் ஓடும், இழுத்து இழுத்து நின்றுவிடும். கார்புரேட்டரையே மாற்றணும் என்றார் கடைக்காரர். கையில் காசில்லை, அதுவும் நல்லதாப் போச்சு.

அடுத்த தடவை நின்றதும் கொஞ்சம் ஆறவிட்டு, பெட்ரோல் டேங்க் மூடியை மெதுவாத் திறந்தேன். 'புஸ்'ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அப்போதான் புரிஞ்சது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போகணும். இல்லாவிட்டால் பெட்ரோல் இன்ஜினுக்கு வராது. எங்க மெஷினில் காற்று போகிற துளை மூடியிலேயே இருக்கு. புல் தூசி அடைச்சிருந்தது. சுத்தம் செய்தோம், ஓடிச்சு. செலவு ஒரு பழைய பல் துலக்குற பிரஷ்!

அந்தச் சத்தம் வராவிட்டால் ஏர் ஃபில்டரையும், டேங்குக்குள் குழாய் நுனியில் இருக்கிற ஃபில்டரையும் பாருங்க. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் வேண்டாம். டூ ஸ்ட்ரோக் மெஷின் என்றால் ஆயில் கலக்காமல் ஊற்றாதீங்க, பிஸ்டனே போயிடும். பீடி பிடிக்கிறவர் பக்கத்தில் இருந்தால் முதலில் அவரை எழுப்பி அனுப்புங்க, பிறகு மூடியைத் தொடுங்க.