பேசியது அவரா, ஆவியா?



நினைவுப் பொழிவுக்குத் திருச்சபை வரலாற்றை ஏன் எடுத்தோம் என்று கேட்பீர்கள். ஆவியின் வரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1906இல், அமெரிக்காவின் அசூசா தெருவில் தொடங்குவார்கள். அதற்கு 46 ஆண்டுகள் முன்பே நம் திருநெல்வேலிப் பகுதியில், ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் ஊழியத்தில், அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் எழுந்துவிட்டன. இன்னும் பின்னே போனபோது ஒரே கேள்வி எங்களை மறித்தது. பேச அனுமதியில்லாதவர் பேசிவிட்டால், பேசியது அவரா, ஆவியா?

இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் அடங்கிய பிரிகியாவில், மொந்தானுவோடு பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்ற இரு பெண்கள் தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். மெய்யான தீர்க்கதரிசி தன்னிலை இழக்கமாட்டார் என்று எதிரிகள் வாதிட்டார்கள். மாக்சிமில்லாவோ, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பேசும்படி தான் கட்டாயப்படுத்தப்பட்டதாகச் சொன்னார். இந்தச் சொல்லும் அவரைக் கண்டித்தவர்களின் ஏட்டில்தான் கிடைக்கிறது. காவல் நிலையக் கோப்பிலிருந்து நம் தாத்தாக்களின் கதையைப் பொறுக்குகிற அதே பாடுதான். சொந்த விருப்பத்தை மறுத்தால்தான் அந்தப் பெண்ணுக்கு மேடை. அந்த மேடையில் அவருடைய 'நான்' கரைந்துபோகிறது.

1739இல் ஜான் வெஸ்லி, இன்னார் மீட்புக்கு, இன்னார் அழிவுக்கு என்ற முன்குறிப்புக் கொள்கையை எதிர்த்துப் பிரசங்கித்தார். அருள் எல்லோருக்கும் உண்டு, ஏற்கவும் மறுக்கவும் மனிதருக்கு இயலும் என்பது அவர் கட்சி. பிறப்பிலேயே தலையெழுத்து என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது வெறும் இறையியல் சண்டை அல்ல.

அந்த மெதடிசத்துக்குள்ளேயே ஃபிலடெல்ஃபியாவில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பரை முழங்காலிலிருந்து இழுத்து எழுப்பினார்கள். வெளியேறியவர்களுக்குத் தலைமை தாங்கியவர், அடிமையாகப் பிறந்து தன் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய ரிச்சர்ட் ஆலன். அவரிடம் ஜெரீனா லீ என்ற கறுப்பினப் பெண் பிரசங்கிக்க அனுமதி கேட்டார். சபை விதியில் அதற்கு இடமில்லை என்றார் ஆலன். விடுதலை பெற்றவர் வாயிலிருந்தே அந்த விதி வந்தது. நம் இயக்க மேடைகளில் நாம் இதைக் கேட்டதில்லையா?

ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, 1819இல், ஒரு போதகர் யோனாவின் நூலை வைத்துப் பேசும்போது தடுமாறினார். லீ எழுந்தார். அழைப்பை விட்டு ஓடிய யோனாவைப் போலத் தானும் தாமதித்ததாகச் சொல்லிப் பேசினார். தன்னை எழுப்பியது மேலிருந்து வந்த உந்துதல் என்பது அவர் சாட்சி. ஆனால் யோனாவுக்கு ஓடவும் முடிந்தது, திரும்பவும் முடிந்தது. ஆவி உந்தியது, அவரும் தீர்மானித்தார். வெளியேற்றுவார்கள் என்று அஞ்சி உட்கார்ந்தவரை, அப்போது பேராயராகிவிட்ட ஆலன் எழுந்து ஏற்றுக்கொண்டார்.

அதோடு லீ ஓயவில்லை. இயேசு ஆணுக்காக மட்டுமா மரித்தார், பெண்ணுக்காகவும் அல்லவா என்று நியாயம் கேட்டு எழுதினார். 1836இல் தன் வரலாற்றைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, போன இடமெல்லாம் விற்றார். 1849இல் விரிவாக்கி மறுபடியும் அச்சிட்டார். மாக்சிமில்லாவைத் தேட எதிரியின் ஏட்டைப் புரட்டுகிறோம். லீயைத் தேட அவர் எழுதிய நூலையே திறக்கிறோம்.